டர்போ போச்சு என்றார்கள், போனது கப்ளர்: பூஸ்ட் சோலனாய்டு வேலையில் உஷார்

நீலகிரியில் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் யாராவது சமீபத்தில் பூஸ்ட் கன்ட்ரோல் சோலனாய்டு (டர்போ தரும் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு) மாற்றியிருந்தால், இன்றைக்கே பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். எந்த இடத்துக்கு எத்தனை ஆம்ப்ஸ் என்று மூடியின் உள்பக்கம் பெரும்பாலும் அச்சடித்திருக்கும். 10 என்று போட்ட இடத்தில் சிவப்பு ஃபியூஸ்தான் இருக்க வேண்டும். என் வண்டியில் பச்சை இருந்தது. பச்சை என்றால் 30. அதைச் செருகியவர்கள் அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டார்கள்.

வண்டி நிற்பது கோத்தகிரியில், திறந்த வெளியில். ஐப்பசி மழையும் அப்புறம் வரும் மிஸ்ட்டும் அதன் மேல்தான் இறங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறும்போது இஞ்சின் லைட் எரிந்து இழுவை சுத்தமாக விழுந்துவிட்டது. வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறுகிற இடமெல்லாம் இரண்டாவது கேட்டது. மறுநாள் மலையிலேயே பெரிய போர்டு வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் சொல்லவில்லை, மனு போடும் வேலை நடக்கிறது.

ஸ்கேனரில் வந்த எரர் கோடு பி 0243. பார்த்த அரை நிமிடத்தில், "டர்போ போயிருச்சு சார், எண்பதாயிரம் ஆகும்" என்றார்கள். இங்கேயே காது கூர்மையாக வேண்டும். பி 0243 என்பது வேஸ்ட்கேட் சோலனாய்டின், அதாவது இந்தப் பூஸ்ட் சோலனாய்டின், சர்க்யூட்டில் கோளாறு என்கிற கோடு. அதாவது ஒயர், கப்ளர் (ஒயரைச் செருகும் கனெக்டர்), காயில் (சோலனாய்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள்), ஈசிஎம் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), இந்த நாலில் ஒன்று. காற்றழுத்தம் போதவில்லை என்பதற்கு பி 0299 என்று தனியாக ஒரு கோடு உண்டு. டர்போ போனதென்றால் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா, ஹோஸில் ஆயில் நிற்கிறதா, காட்டுங்கள் என்றேன். பேச்சு உடனே மாறியது. "சரி, மொதல்ல சோலனாய்டு மாத்திப் பார்க்கலாம்."

வேஸ்ட்கேட் என்பது டர்போவுக்குப் போகும் எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை விலக்கிவிடும் கதவு, அதைத் தள்ளித் திறப்பது ஆக்சுவேட்டர். இந்தச் சோலனாய்டு செய்வது சின்ன வேலை. டர்போவிலிருந்து வரும் அழுத்தத்தை வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கு எவ்வளவு விடலாம், எவ்வளவு தடுக்கலாம் என்று நொடிக்குப் பல முறை திறந்து மூடும். பெரும்பாலான வண்டிகளில் ஒரு ஒயரில் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் வரும், மற்ற ஒயரை ஈசிஎம் விட்டு விட்டு எர்த் பண்ணி அதை இயக்கும். கரண்ட் வராமல் போனால் அழுத்தம் முழுதும் ஆக்சுவேட்டருக்குப் போய் வேஸ்ட்கேட் சீக்கிரம் திறந்துகொள்ளும், ஸ்பிரிங் தாங்கும் அளவு பூஸ்ட்தான் மிஞ்சும். இஞ்சின் வெடிக்கக் கூடாது என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள்.

கீழே ஓட்டுபவருக்கு இது கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அவ்வளவுதான். மேலே கதை வேறு. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் அந்த வெளிக்காற்றுக்கு எதிராகத்தான் திறக்கிறது. அந்தக் குறைவை ஈடுகட்ட ஈசிஎம்முக்கு இருக்கிற கருவி சோலனாய்டுதான், அது படுத்தால் மலையில் வண்டி மாடு மாதிரி நிற்கும். அதற்காக டர்போவே போச்சு என்று முடிவு கட்டுவதா?

ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்குப் பில் போட்டுப் புது சோலனாய்டு மாட்டினார்கள். வண்டியை எடுக்கப் போனால் லைட் அப்படியே எரிகிறது. "ஈசிஎம்முக்குள்ள மிஸ்ட் இறங்கிருச்சு சார், புதுசுதான் போடணும், ஒண்ணேகால் லட்சம்." பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து மேட்டுப்பாளையம் இறக்கினேன். அங்கே தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அறுபதை நெருங்குபவர். ஸ்கேனரைத் தொடவே இல்லை, மல்டிமீட்டரை எடுத்தார்.

முதலில் பிளாஸ்டிக் கவரில் இருந்த பழைய சோலனாய்டு. காயில் 28 ஓம் காட்டியது, அதில் ஒரு குறையும் இல்லை. கம்பெனி கப்ளரை ஒயரோடு வெட்டி அதிலேயே விட்டிருந்தார்கள். அதைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். இரண்டு பின்னில் ஒன்று முழுக்கப் பச்சைக் களிம்பு, ரப்பர் சீல் கிழிந்திருந்தது. "இதாங்க உங்க எண்பதாயிரம்" என்று கையில் கொடுத்தார். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னையும் சீலையும் மாற்றினால் முடிகிற வேலை.

அப்புறம் அவர்கள் போட்ட ஒயரிங்கைப் பிரித்தார். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்புக்குள் சோலனாய்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டையோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடும் பாகம்), இரண்டாகப் பிளந்து கிடந்தது. வெள்ளிக் கோடு ஈசிஎம் பக்கம் இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது அங்கேதான்.

விஷயம் இது. காயிலுக்குப் போகும் கரண்ட்டைச் சட்டென்று நிறுத்தினால் அது எதிர்த்து ஒரு பெரிய வோல்டேஜை உதைக்கும். அந்த உதை ஈசிஎம்முக்குள் ஸ்விட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டரைத் தாக்காமல் இருக்க டையோடு போடுவது உண்டு. போட்டால் வெள்ளிக் கோடு 12 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால், ஈசிஎம் எர்த் பண்ணும் ஒவ்வொரு தடவையும் 12 வோல்ட் நேராக டையோடு வழியாக டிரான்சிஸ்டருக்குள் பாயும், நேர் ஷார்ட். இத்தனைக்கும் கம்பெனி ஈசிஎம்முக்குள் இந்த உதையைத் தாங்கும் ஏற்பாடு பொதுவாக இருக்கவே இருக்கும். சாதா டையோடு சேர்த்தால் வால்வு மூடுவது தாமதமாகும் என்பதுதான் மிச்சம். கேட்காமலே செய்த 'புரொடெக்‌ஷன்' இது.

ஷார்ட் ஆனதும் ஃபியூஸ் போயிருக்கிறது. உருகின சிவப்பு ஃபியூஸ் பேட்டரி தட்டிலேயே கிடந்தது, எடுத்துப் போடக்கூட இல்லை. அது ஏன் போனது என்று ஒருவரும் யோசிக்கவில்லை, பச்சையைச் செருகிவிட்டார்கள். 28 ஓம் காயில் வண்டி ஓடும்போது இழுப்பது அரை ஆம்ப்ஸ். "பத்து ஆம்ப்ஸே தாராளமுங்க, முப்பது எதுக்குங்க?" என்று அண்ணன் கேட்டதற்கு என்னிடம் என்ன பதில் இருக்கும். கோவையில் போர்டு ரிப்பேர் செய்பவர் ஈசிஎம்மைத் திறந்து காட்டினார். டிரான்சிஸ்டர் போனதோடு நிற்காமல் போர்டில் செம்புத் தடமும் கருகியிருந்தது. உள்ளே ஈரத்தின் சுவடே இல்லை.

இது போதாதென்று புது சோலனாய்டை டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் கேபிள் டையால் கட்டியிருந்தார்கள், டை சூட்டில் இளகிவிட்டது. பழையதையே அதன் பிராக்கெட்டில் திரும்ப மாட்டினோம். ஜாயின்ட்டைப் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, புது சீலோடு கப்ளர் போட்டார் அண்ணன். ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் கப்ளருக்கு ஏற்றினார், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். நம் ஊர் ஈரத்துக்கு இது ரொம்ப முக்கியம். ஈசிஎம் ரிப்பேரோடு சேர்த்துப் பதினெட்டாயிரம் ஆனது. வண்டி இப்போது மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது.

கப்ளரை வெட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். பழைய பாகத்தைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள், எனக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பில்லில் அவர்கள் எழுதியது 'எலக்ட்ரிக்கல் வேலை' என்று மட்டும், ஃபியூஸ், டையோடு எதுவும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் போய்க் காட்டியபோது லேபரில் பாதி தருகிறேன் என்றார்கள், ஆனால் எழுதித் தர மாட்டார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு வருடத்துக்குள் அங்கே மனு கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக்கட்டணம் கிடையாது. பச்சை ஃபியூஸ், பிளந்த டையோடு, களிம்பேறிய கப்ளர் மூன்றின் படத்தையும் மனுவோடு இணைக்கிறேன். அதே கடையில் இதே மாதிரி வேலை செய்துகொண்டவர்கள் பில்லோடு சொன்னால் சேர்ந்தே போகலாம்.