பழைய பிரௌனிங்கா, கான்பூர் ரிவால்வரா?

காரிமங்கலத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனருக்குத் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் கிடைத்ததும், "மாமா, கான்பூர் அரசு ஆலையின் ரிவால்வருக்குப் பதில் மிலிட்டரி பிஸ்டல் ஒன்று வாங்கினால் என்ன?" என்று என்னிடம் கேட்டார். படையில் 22 ஆண்டுகள் இருந்தவன் உடனே ஆமாம் என்பான் என்று எதிர்பார்த்திருப்பார் போலும்.

முதலில் சட்டம் எதை விட்டுவைக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ராணுவத்தின் 9 மி.மீ. பிஸ்டல், 13 தோட்டா கொள்ளும் பிரௌனிங் ஹை-பவர் வகையைச் சேர்ந்தது. அதன் தோட்டா அளவு பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது என்பதால் சாதாரண உரிமத்தில் வாங்க இயலாது. பழைய வெப்லி ரிவால்வர்களின் .455, .380 அளவுகளும் அப்படியே. ஆகவே 'படையில் இருந்த பிஸ்டல்' என்று நம்மூரில் ஒருவர் முறையாக வாங்கக்கூடியது, ஐரோப்பியப் படைகளும் காவல்துறைகளும் பயன்படுத்திய .32 அளவுப் பிஸ்டல்களே பெரும்பாலும். 1929-இல் வந்த வால்தர் பி.பி., பெல்ஜியத்தின் பிரௌனிங் 1910, அதன் நீண்ட வடிவமான 1922 ஆகியவை இறக்குமதி நின்றுபோவதற்கு முன் இங்கு வந்து சேர்ந்து, ஓர் உரிமதாரரிடமிருந்து இன்னோர் உரிமதாரருக்குக் கைமாறி வருகின்றன. புதிய வரத்து இல்லாததால் விலை ஏறிக்கொண்டே போகிறது. விற்பவர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

கிருஷ்ணகிரியில் ஒரு பெரியவர் தம் பிரௌனிங் 1922-ஐ விற்க முன்வந்தார். போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த தொழிற்சாலையில் உருவானது என்பதற்குச் சான்றாக, சிறிய கழுகு முத்திரை அதில் தெளிவாகத் தெரிந்தது. மைத்துனர் அந்தக் கழுகிலேயே மயங்கிவிட்டார். நானோ ஸ்லைடை, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியை, கழற்றி, குழலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். வாய்ப்பகுதியிலிருந்து இரண்டு அங்குலம் வரை கரும்புள்ளிகளாக அரிப்பு இருந்தது. பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் குழலில் படியும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் இட்டிருந்தால் அந்தப் புள்ளிகள் வந்திருக்காது. வெளியே இடப்பக்கம் முழுவதும் வேறு விதமான துரு படர்ந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்ததன் விளைவு அது. உறை இடுப்பில் மாட்டுவதற்கு மட்டுமே. பீரோவுக்குள் வைக்கும்போது பருத்தித் துணிதான் நல்லது.

இந்த .32 பிஸ்டல்களில் சுடும் நேரத்தில் ஸ்லைடைப் பிடித்து வைக்கும் பூட்டு கிடையாது. அதன் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டுமே தடுக்கின்றன. அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் ஒவ்வொரு சூட்டிலும் ஸ்லைடு பிஸ்டலின் உடற்சட்டத்தில் மோதி, நாளடைவில் விரிசல் விழும். பிரௌனிங்கில் அது குழலைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. கழற்றும்போது முன்மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடைக்கும். மாற்று ஸ்பிரிங்கும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் கிடைப்பது அரிது என்பதால், இரண்டாவது மேகசின் இல்லாத பழைய பிஸ்டலை நான் பாதி துப்பாக்கியாகவே கணக்கிடுவேன். உடற்சட்டத்தில் வெட்டியிருக்கும் எண் உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், அல்லது தேய்த்து மீண்டும் வெட்டியதுபோல் தெரிந்தால், விலையே பேச வேண்டாம்.

கான்பூர் சிறுபடைக்கல ஆலையின் .32 ரிவால்வருக்கு இந்த அழகு எதுவும் இல்லை. விசை கடினம், மெருகு சுமார். 2014-இல் வந்த 'நிர்பீக்' என்னும் ரிவால்வர் டைட்டானியம் கலவையால் ஆனது, எடை சுமார் அரை கிலோ. என்னிடம் இருப்பது அதற்கு முந்தைய எஃகு மாடல். ஆயினும் தோட்டா வெடிக்கத் தவறினால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்துப் பழுதான தோட்டாவை வெளியேற்ற வேண்டும், பதற்றத்தில் நடுங்கும் கைக்கு அது எளிதன்று. பராமரிப்பில் மறக்கக்கூடாத இடம், காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்புறம்: அங்கே இரண்டு வெடிமருந்துத் துகள் ஒட்டினாலும் உருளை சுழல மறுக்கும். பழைய பல்தேய்க்கும் பிரஷ் ஒன்று போதும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இரண்டையும் '.32' என்றே சொன்னாலும் ரிவால்வரின் தோட்டா வேறு, பிஸ்டலின் தோட்டா வேறு. கடையில் துப்பாக்கியின் வகையையும் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் நம் பக்கத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக நாங்கள் ஒப்படைத்த துப்பாக்கிகள், மார்ச்சில் நடத்தை விதிகள் தொடங்கியது முதல் ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடியும்வரை கிடங்கில் கிடந்தன. திரும்பப் பெற்றபோது, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பிஸ்டலில் தேங்காய் எண்ணெய் கோடை வெப்பத்தில் பிசினாகி, புழுதியோடு சேர்ந்து ஸ்லைடை ஒட்டவைத்திருந்தது. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் துடைத்திருந்த என் ரிவால்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒப்படைக்கும் துப்பாக்கிக்கு இன்னொருவர் எண்ணெய் போடமாட்டார். இரண்டு மூன்று மாதப் புறக்கணிப்பைத் தாங்குவதே நம் தேவை என்றால் ரிவால்வர்தான் முந்தும்.

ஆண்டில் ஒருமுறைகூடச் சுடப்போகாத, கழற்றிப் பூட்டப் பொறுமையில்லாத மைத்துனரைக் கான்பூர் ரிவால்வருக்கே எழுதிக்கொடுக்கச் சொன்னேன். முகம் சுருங்கினாலும் கேட்டுக்கொண்டார். 2019 சட்டத்திருத்தத்திற்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். என் கணக்கில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்தப் பெரியவரிடம் இரண்டாவது மேகசின் இருக்கிறதா என்று நாளை கேட்கப் போகிறேன்.