திருச்சி வானொலி அலையில ஓடுற ஈரப்பத மீட்டர்: என் அனுபவம்

காத்துல இருக்குற ரேடியோ அலையிலேர்ந்து கரண்ட் எடுக்கலாம்னு வீடியோ வருதே, நெசமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. நெசந்தான். திருக்காட்டுப்பள்ளி பக்கம் எங்க வீட்டுல வருசக்கணக்கா ஓடிக்கிட்டு இருக்கு, ஆனா எந்த அலைலேர்ந்து எடுக்குறோம், எதுக்கு அது பத்தும்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும்.

நான் ஓட்டுறது விதைநெல் அடுக்கி வச்சிருக்க ரூம்ல மாட்டியிருக்க சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர். 1.5 வோல்ட் பட்டன் செல்லுல ஓடுறது, பத்து மைக்ரோ ஆம்பியருக்குள்ளதான் இழுக்கும். செல்ல கழட்டிட்டு அந்த இடத்துல ரெண்டு ஒயர் சால்டர் பண்ணி வெளிய எடுத்திருக்கேன்.

மாடியிலேர்ந்து கொல்லை தென்னமரம் வரைக்கும் எண்பது அடி காப்பர் ஒயர், அதுதான் ஆன்டெனா, ரெண்டு பக்கமும் பீங்கான் இன்சுலேட்டர். ஆடிக் காத்துல மரம் ஆடி ஒயர் அறுந்துடக் கூடாதுன்னு மரத்துப் பக்கம் ஒரு கப்பி போட்டு செங்கல் கட்டி தொங்கவிட்டிருக்கேன், மரம் ஆட ஆட கல்லு ஏறி எறங்கும், ஒயர் விறைப்பாவே நிக்கும். கீழ பிவிசி பைப்புல சுத்துன காயில், பழைய ரேடியோல ஸ்டேஷன் திருப்புறதுக்கு இருக்குற கேங் கண்டென்சர், அலைய ஒரே பக்கம் ஓடுற கரண்டா மாத்த ஒரு ஓஏ79 ஜெர்மானியம் டயோடு, அத சேத்து வைக்க 1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர், அவ்வளவுதான் சாமான். கேங்கை திருப்பி திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ்ல நிறுத்தணும். 100 கிலோவாட் மீடியம் வேவ் நிலையம், நாங்க முப்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கோம், அதனாலதான் இது நடக்குது. சாதா சிலிக்கான் டயோடு வேணாம், அதுவே அரை வோல்ட்டுக்கு மேல முழுங்கிடும், ஜெர்மானியம்னா 0.2, 0.3தான். வோல்ட்டேஜ் ஏறிப் போய் மீட்டர் கெட்டுடாம இருக்க ஒரு சிவப்பு எல்இடிய குறுக்க போட்டிருக்கேன், 1.6 கிட்ட வந்ததும் மிச்சத்த அது கடத்திடும்.

இத்தன நாள் ஓட்டுனதுல நான் கண்டது, ஆன்டெனா பாதின்னா எர்த்து, அதாவது மண்ணுக்குப் போற இணைப்பு, மீதி பாதி. வாய்க்கால் ஓரம் ஒரு ஜிஐ பைப் அடிச்சு வச்சிருக்கேன். சித்திரை வைகாசியில களிமண் வெடிச்சு பாளம் பாளமா கெடக்குறப்ப கெபாசிட்டர் 1.4 வோல்ட்ட தாண்டவே தாண்டாது. ராத்திரி பதினோரு மணி வாக்குல நிலையம் மூடுனதும் கெபாசிட்டர்ல இருக்குறத வச்சுதான் ஓடணும், மணிக்கு 0.03, 0.04 வோல்ட்டுன்னு எறங்கும், கோடையில விடியக்காலம் எழுத்து மங்கி படிக்க முடியாது, காலையில ஒலிபரப்பு தொடங்கி கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்து மண்ணு ஊறிடுச்சுன்னா அதே பைப்பு, அதே ஒயர், 1.6ல போய் உக்காந்துக்கும், விடியிற வரைக்கும் எழுத்து பளிச்சுன்னு இருக்கும். வறண்ட நாள்ல பைப்பச் சுத்தி ரெண்டு குடம் தண்ணி ஊத்துனா, கெபாசிட்டர்ல வச்ச வோல்ட்மீட்டர் முள்ளு ஏறுறத நின்னு பாக்கலாம்.

வைஃபைலேர்ந்து போன் சார்ஜ் பண்ணலாம்னு விக்கிறாங்களே, அத நம்பாதீங்க. ரவுட்டர் விடுறதே 100 மில்லிவாட், மூணு மீட்டர் தள்ளி ஒரு சின்ன ஆன்டெனால சிக்குறது சுமாரா ஒரு மைக்ரோவாட், போன் சார்ஜுக்கு 5 வாட் வேணும், அம்பது லட்சம் மடங்கு. அலையிலேர்ந்து பவர் எடுக்குறது தினம் நடக்குறதுதான், வாழவந்தான்கோட்டை டோல்கேட்ல கண்ணாடியில ஒட்டியிருக்க ஃபாஸ்டேகுக்கு பேட்டரியே கெடையாது, மேல இருக்க ரீடர் விடுற 865-867 மெகாஹெர்ட்ஸ் அலையிலதான் முழிச்சு நம்பர் சொல்லுது. ஆனா அங்க ரீடர் ஒரு சில மீட்டர்ல இருக்கு, டேகுக்குன்னே அலைய விடுது.

எங்க பெரியப்பா முதல்ல பாத்துட்டு "ஏன்டா தம்பி, இது கரண்ட் திருட்டு ஆகாதா"ன்னு கேட்டாங்க. மீட்டர் கம்பத்துலேர்ந்து எடுக்கல பெரியப்பா, வானொலி எல்லாருக்கும்னு விடுறதுல நாம ஒரு துளி எடுக்குறோம், நாம எடுக்கலன்னாலும் அது மண்ணுலயும் மரத்துலயும் போய் தீந்துடும்னு சொன்னேன். இப்ப ஈரப்பதம் எவ்வளவுன்னு காலையில முதல்ல வந்து பாக்குறதே அவங்கதான்.

செய்யணும்னு நெனக்கிறவங்க ஆன்டெனாவ எர்த்தோட சேக்குற நைஃப் சுவிட்ச் (கத்தி மாதிரி கைப்பிடிய தள்ளுற சுவிட்ச்) போடாம செய்யாதீங்க. ஐப்பசி கார்த்திகை இடி நம்ம பக்கம் எப்படின்னு சொல்ல வேண்டியதில்ல, எண்பது அடி ஒயர் உசரத்துல நிக்குது. வானம் கறுக்குறப்பவே ஆன்டெனாவ நேரா எர்த்துல தள்ளிடுங்க, அதுவும் வீட்டுக்கு வெளிய இருக்க சுவிட்ச்ல. இடி விழ ஆரம்பிச்சப்புறம் போய் கை வைக்காதீங்க. ரெண்டு நாள் மீட்டர் அணைஞ்சு கெடந்தா கெடக்கட்டும்.