போட்டோ அனுப்பியதும் நேரில் காட்டியதும்

ஆணுறுப்பில் பரு பருவாக ஏதோ கிளம்பியிருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. மொட்டின் விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஒரு வரிசை, கீழே முடி இருக்கும் இடத்தில் தனியாக நாலைந்து. இரண்டு வாரம் ராத்திரியெல்லாம் போனில் படங்களைத் தேடிப் பார்த்துப் பயந்து செத்தேன். டாக்டரிடம் போனால் உள்ளே என்னதான் நடக்கும் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் போனது ஒரு ஆப் வழியாக. பெயர் வேண்டாம். வெட்கத்துக்கு வசதி, முகம் காட்ட வேண்டாம், அதனால்தான் போனேன். மூன்று போட்டோ கேட்டார்கள். அந்த இடத்தை ஒரு கையால் பிடித்து, மறு கையால் போனைப் பிடித்து, வெளிச்சமும் விழ வைத்துப் படம் எடுப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், மூன்றுமே மங்கல். நாலு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: வைரஸ் மரு மாதிரி இருக்கிறது, இந்த ஆயின்மென்ட் தடவுங்கள். எப்போது வந்தது, ஷேவ் செய்வீர்களா, புதிதாக யாருடனாவது உறவு இருந்ததா, ஒரு கேள்வி கிடையாது. படங்களை அழிப்பது எப்படி என்று ஆப் முழுக்கத் துழாவினேன், அதுவும் காணோம். ஒரு நட்சத்திரம், அதுவும் சீக்கிரம் பதில் சொன்னதற்காக.

நல்லவேளை, ஆயின்மென்ட்டைத் தொடவில்லை. கைவிரல் மருவுக்குப் போடும் சொட்டு மருந்து வீட்டில் இருந்தது, அதைப் போடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பிறப்புறுப்பில் போடக் கூடாது என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது.

அப்புறம் ஒரு தோல் கிளினிக். ஐம்பது நிமிடக் காத்திருப்பு, அது பரவாயில்லை. ரிசப்ஷனில் "என்ன பிரச்சினை?" என்று நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்டதுதான் தாங்கவில்லை. "ஸ்கின்" என்று மட்டும் முனகிவிட்டு உட்கார்ந்தேன்.

டாக்டர் பெண். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது, ஆனால் கதவைச் சாத்தி, "கூட ஒரு ஸ்டாஃப் இருக்கட்டுமா, உங்களுக்கு எப்படி வசதி?" என்று கேட்டபோதே பாதிப் பயம் போய்விட்டது. கேள்விகள்தான் அதிக நேரம். ராத்திரியில் அரிப்பு அதிகமாகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா (சிரங்குப் பூச்சியாக இருக்குமோ என்று பார்க்கிறார்களாம்), கொப்புளமாகி உடைந்ததா, கடைசியாக எப்போது உறவு, ரேசர் யாருடையது. எல்லாவற்றையும் பல்வலி பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு கையுறை போட்டு, டெர்மாஸ்கோப் என்ற சின்ன லென்ஸ் விளக்கை வைத்து இரண்டே நிமிடம் பார்த்தார்.

விளிம்பில் வரிசையாக இருப்பது நோயே இல்லையாம். முத்துப் பருக்கள், பல ஆண்களுக்கு இயல்பாக இருப்பவை, ஒட்டாது, மருந்தும் வேண்டாம். ஆப்பில் எழுதித் தந்த ஆயின்மென்ட்டைக் காட்டினேன். இதை அங்கே தடவியிருந்தால் புண்ணாகியிருக்கும் என்றார். கீழே இருப்பதுதான் விஷயம். ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் குழி. மொலஸ்கம், பெரியம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ். உறவில் ஒட்டலாம், துண்டு, ரேசரிலும் ஒட்டலாம், ஷேவ் செய்தால் நம் தோலிலேயே பரவும். நான் என்ன செய்தேன்? சரியாகத் தெரியட்டும் என்று தினமும் ஷேவ் செய்துகொண்டிருந்தேன்.

பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தானாகப் போய்விடும், அவசரம் என்றால் திரவ நைட்ரஜனால் உறைய வைக்கலாம் என்றார். நான் காத்திருக்கிறேன் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. அது எனக்குப் பிடித்தது.

நான் கேட்காமலே சொன்ன ஒன்று: வலி இல்லை என்பதால் பயமில்லை என்று நினைக்கக் கூடாது, உறவில் ஒட்டும் சிபிலிஸ் நோயின் புண் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. எச்பிவி என்ற வைரஸால் வரும் மரு என்றால் சொரசொரப்பாக, காலிஃபிளவர் பூ மாதிரி இருக்கும், ஒட்டி மாதக்கணக்கில் கழித்துக்கூடக் கிளம்பும். அதனால் சிபிலிஸ், எச்ஐவி இரண்டுக்கும் ரத்தம் கொடுத்தேன். தொற்று பட்ட உடனே எடுத்தால் தெரியாது என்று, மறுபடி எடுக்க வேண்டிய தேதியையும் சீட்டில் குறித்துக் கொடுத்தார். இணையிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன், அதற்கும் நேரம் ஒதுக்கினார்.

கிளினிக்குக்கு நாலு நட்சத்திரம். ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் ரிசப்ஷனில் வைத்திருந்தால் அஞ்சு.