நறுக்குக் கோவையா, சி.ஆர். கொப்பியா? எழுதுகிறவருக்குத் தெம்பு தருவது எது?

கதை தெரிவாகவில்லை என்றால் எனக்கு எந்தப் பத்திரிகையும் அறிவித்ததில்லை. அனுப்பிவிட்டு, ஞாயிறு காலையில் காலி வீதிக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி, நின்ற இடத்திலேயே மலரைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நான்கு ஞாயிறு போனால் இன்னும் வாசிக்கவில்லைப் போல என்று ஆறுதல் கொள்ளலாம். பத்து ஞாயிறு போன பிறகு, கதையில்தான் கோளாறு என்று மனம் தானாகவே தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு அடுத்த கதையின் முதல் வரியை எழுதுவது எவ்வளவு பாடு என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் செய்து முடித்தவற்றைப் பதிந்து வைக்கத் தொடங்கினேன். ஒன்பது வருடங்களாக எழுதுகிறேன். அதற்குள் ஐந்து வழிகளைப் பாவித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே அளவு பலன் தரவில்லை.

முதலாவது நறுக்குக் கோவை. என் முதல் கதை அச்சில் வந்தபோது அம்மா அதைக் கத்தரிக்கோலால் வெட்டி, பிளாஸ்டிக் உறை வைத்த பைல் ஒன்றில் போட்டுத் தந்தார். ஓவியத்தோடும் பெயரோடும் வந்த பக்கத்தை எடுத்துப் பார்க்கும் சந்தோஷத்துக்கு வேறு எதுவும் ஈடில்லை. பரிசுக்கோ தொகுப்புக்கோ யாராவது விபரம் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கவும் முடியும். ஆனால் கொழும்பின் ஈரக் காற்றும் கடலோர உப்பும் பத்திரிகைத் தாளை விட்டுவைப்பதில்லை. அந்தத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும், நாளடைவில் தாள் மடிப்பில் பொடிந்துபோகும். ஒரு தடவை என் கதை பெயரே இல்லாமல் வந்தது. அந்தப் பக்கத்தையும் கோவையில் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கதையைவிட அந்த வெற்றிடம்தான் முதலில் கண்ணில் படும்.

இதைவிடப் பெரிய குறையை 2022 இல் கண்டேன். மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே கடதாசித் தட்டுப்பாட்டால் தள்ளிப்போன வருடம் அது. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. இலக்கியத்துக்கு இருந்த இடம் சுருங்கியது. அந்த வருடம் என் கோவையில் சேர்ந்தது ஒரே ஒரு நறுக்கு. கோவையை மட்டும் பார்த்தால் நான் எழுதுவதையே விட்டுவிட்டேன் என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மையில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நாட்களிலும் மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதினேன். ஏழு கதைகளை முடித்தேன், ஏழையும் அனுப்பினேன். அதற்கான சாட்சி கோவையில் இல்லை, அன்றன்று செய்த வேலையைக் குறித்து வைக்கும் கொப்பியில்தான் இருக்கிறது.

அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977 இல் எழுதிய கட்டுரை ஒன்றில், என்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு இடங்களிலிருந்து வருவதாகச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், மற்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் மிகவும் வலுவானது தானே செய்து முடித்த அனுபவம் என்பது அவருடைய முடிவு. இதை வாசித்தபோதுதான் கோவைக்கும் கொப்பிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் துலங்கியது. கோவையில் இருப்பவற்றில் பெரும்பகுதி பத்திரிகை ஆசிரியர் என் கதையைப் பற்றி எடுத்த முடிவு. கொப்பியில் இருப்பது நான் செய்த வேலை.

கொப்பி என்றால் சாதாரண எண்பது பக்க சி.ஆர். கொப்பிதான். அழகான டயரி வாங்கினால் அதில் அழகான விடயங்களைத்தான் எழுதத் தோன்றும், எனக்கு அது சரிவரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வரி போதும். தேதி, செய்த வேலை, அதில் எது கஷ்டமாக இருந்தது என்பது. என்னுடையதிலிருந்து சில வரிகள்:

"பெப்ரவரி 12. கிழவி பேசும் இடத்தை மூன்றாம் தடவை மாற்றினேன். அவர் பொய் சொல்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது."

"மார்ச் 3. கடைசிப் பந்தியை வெட்டினேன். 140 சொல் போனது. கதை இப்போது நிற்கிறது."

"மார்ச் 9. அனுப்பினேன்."

"நன்றாக எழுதினேன்" என்று மட்டும் குறித்த நாட்களும் உண்டு. ஆறு மாதம் கழித்து வாசித்தால் அவை ஒன்றுமே சொல்வதில்லை. எந்த இடத்தில் சிக்கினேன், எப்படி வெளியே வந்தேன் என்று இருக்கும் வரிதான் அடுத்த கதை சிக்கும்போது கைகொடுக்கிறது. "அனுப்பினேன்" என்பதையும் ஒரு சாதனையாகவே எண்ணச் சொல்வேன். வெளியாவது எங்கள் கையில் இல்லை, அனுப்புவது இருக்கிறது.

கொப்பிக்கு முன்பிருந்தே, அது தொடங்கிய பிறகும் கொஞ்சக் காலம், எக்ஸெலில் சொற்கணக்கு வைத்திருந்தேன். கொள்ளுப்பிட்டியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவளுக்கு அது இயல்பாக வந்தது. நாவலின் முதல் வரைவுக்கு இது நல்ல வழி. நீண்ட காலம் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்தவரும் 47 நாவல்களை எழுதியவருமான ஆங்கிலேயர் அந்தனி ட்ரொலோப், 250 சொல்லை ஒரு பக்கமாக எண்ணி, எழுதிய பக்கங்களை நாள்தோறும் பதிந்து வந்தார். ஆனால் சிறுகதைக்கு எண்ணிக்கை ஒத்துவரவில்லை. மேலே சொன்ன மார்ச் 3, என் எழுத்து வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று. எக்ஸெல் அதைச் சிவப்பு எழுத்தில் நட்டமாகக் காட்டியது.

முகநூலில் போடுவதும் ஒரு பதிவுதான். இருநூறு பேர் விரும்பிய கிழமை மனம் பறக்கும், அடுத்த கிழமை பன்னிரண்டு பேர் என்றால் விழும். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். சின்னச் சின்னத் துண்டுகளில் எழுதி ஜாம் போத்தலில் போட்டு, வருட முடிவில் கொட்டி வாசிப்பது பிள்ளைகளோடு செய்ய இனிமையானது. ஆனால் துண்டுகள் கலந்துபோவதால் வளர்ச்சி தெரியாது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கோவைப் பக்கம்தான் நிற்பார். நாற்பது வருடமாக எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியை. "தங்கச்சி, கொப்பி உமக்குத் தெம்பு தரும், சரி. நாளைக்கு எங்கட எழுத்தைத் தேடுறவைக்கு அச்சில வந்ததுதானே வேணும்?" என்று கேட்டார். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை, தாளைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன்.

ஆனால் அவருடைய கோவையே 2016 மே வெள்ளத்தில் போனது. அப்போது கொலன்னாவையில் இருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு பைலைத் திறந்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்ததாம். மனம் விடாமல் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய், பழைய பத்திரிகைக் கட்டுகளில் தேடினார். பதினொரு கதைகள் கிடைத்தன. பதினொன்றும் எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று அவர் எப்போதோ பழைய டயரியில் குறித்து வைத்தவை. தேதி தெரியாதவை இன்னும் கிடைக்கவில்லை.

அதிலிருந்து நானும் ஒவ்வொரு கதை வெளியானதும் பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நறுக்கைப் போனில் படம் எடுத்து மின்னஞ்சலில் எனக்கே அனுப்பிவிடுகிறேன். போனில் மட்டும் விட்டுவைப்பதில்லை. திருத்தக் கொடுத்த கடையில் ஒரு தடவை எல்லாம் அழிந்துபோனது.

போன மாதம் அக்காவும் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினார். முதல் பக்கத்தில், கிடைக்காத கதைகளின் தலைப்புகளை ஞாபகத்திலிருந்து வரிசையாக எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு தேதியும், "புதுக் கதை தொடங்கினேன்" என்ற ஒரு வரியும் இருந்தன.