கடன் வாங்கியவர் தலைமறைவு: போலீஸ் புகாரா, காசோலை வழக்கா, பணவசூல் வழக்கா?

கடன் வாங்கியவர் நம்பரை மாற்றிவிட்டார், வீட்டையும் காலி செய்துவிட்டார் என்றால் பலரும் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. பணம் திரும்ப வருமா என்று பார்த்தால், இருக்கிற வழிகளில் பலன் குறைந்தது அதுதான். கையில் என்ன காகிதம் இருக்கிறது, அவர் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் காலண்டரைப் பாருங்கள். 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு நோட்டில் உள்ள தேதியிலிருந்து 3 ஆண்டு. திருப்பித் தரும் நாளை எழுத்தில் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து. கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்பது கணக்கில் வராது. கெடு முடிவதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். நடுவில் ஜிபே-யில் 500 ரூபாய் போட்டிருக்கிறாரே என்று அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பகுதிப் பணம் கெடுவை நீட்டிக்க, அவர் கைப்பட எழுதிய குறிப்போ, அவர் கையெழுத்திட்ட குறிப்போ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். முதல் 3 ஆண்டுக்குள் வழக்கு கோர்ட்டுக்குள் போய்விடுவதே பாதுகாப்பு.

போலீஸ் புகாருக்கு வருவோம். வாங்கிய கடனைத் தராததே மோசடி ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு பொருந்தும். போலிப் பத்திரத்தைக் காட்டி வாங்கினார், இல்லாத வேலையை வாங்கித் தருவதாகச் சொல்லி வாங்கினார், ஒரே இடத்துக்குப் பல பேரிடம் அட்வான்ஸ் வாங்கினார் என்றால் புகார் நிற்கும். நட்புக்காகக் கொடுத்த 3 லட்சத்துக்கு சி.எஸ்.ஆர். (புகார் மனு பெற்றதற்கான) ரசீது கிடைக்கலாம். ஆனால் 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று மனு முடிக்கப்படும்போது மாதங்கள் போயிருக்கும். கெடு அதற்காக நிற்காது.

காசோலை கையில் இருந்தால் நிலைமையே வேறு. கணக்கில் பணம் இல்லை என்று திரும்பினாலும், கணக்கையே மூடிவிட்டிருந்தாலும், 'பணம் தராதே' என்று வங்கிக்கு எழுதியிருந்தாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு பொருந்தும். இதில் நாள் கணக்குத்தான் உயிர்:

- காசோலையில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். அந்த 3 மாதத்துக்குள் திரும்பத் திரும்பப் போடலாம்.
- திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.
- அவர் நோட்டீஸ் பெற்றதிலிருந்து 15 நாள் அவகாசம். அது முடிந்த ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவர் மன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும்.

ஆள் காணாமல் போன வழக்கில் தபால் கவர்தான் முக்கியச் சாட்சி. 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அனுப்பும்போது விநியோகச் சான்றும் கேட்டு வாங்குங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய கவர் 'கதவு பூட்டியிருந்தது', 'வாங்க மறுத்தார்' என்று திரும்பினால் நோட்டீஸ் சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளும் (2007-ல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது). 'இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை' என்று வந்தால் எதிர்த்தரப்புக்கு அதுவே பிடி. அதனால் ஆதாரில் உள்ளது, சொந்த ஊர் வீடு, வேலை செய்யும் இடம் என்று தெரிந்த முகவரிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே கோர்ட்டில் கொடுங்கள்.

இந்த வழியில் இன்னொரு வசதி, அவர் எந்த ஊரில் ஒளிந்திருந்தாலும் உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குள் உள்ள கோர்ட்டில் வழக்குப் போடலாம். அவர் வந்து குற்றத்தை மறுத்தால் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்ல நடுவருக்கு அதிகாரம் உண்டு. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். சம்மனுக்கு வராவிட்டால் பிடிவாரண்ட் போகும். சிக்கலும் அங்கேதான்: 'ஆள் இல்லை' என்று வாரண்ட் திரும்பிக்கொண்டே இருந்தால் வழக்கு கிடப்பில் விழும். ஆள் சிக்காதவரை அவருடைய நிலம் பக்கம் இந்த வழக்கு எளிதில் போகாது.

நிலத்தைப் பிடிக்கச் சிவில் வழக்குத்தான் வழி. புரோநோட்டோ, தொகை குறித்த எழுத்து ஒப்பந்தமோ இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-வது கட்டளைப்படி சுருக்கமுறை வழக்கு. சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் பிரதிவாதி ஆஜராகாவிட்டால் வாதிக்குத் தீர்ப்புப் பெறும் உரிமை வந்துவிடும். ஆஜரானாலும், வழக்காட அனுமதி கேட்டுத் தனியே மனுப் போட்டு நியாயமான காரணம் காட்ட வேண்டும். புரோநோட்டில் வருவாய் முத்திரை ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டிக்கூடச் சாட்சியமாக்க முடியாது. அப்போது வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை வைத்துக் கடனை நிரூபிக்கும் சாதாரண பணவசூல் வழக்குத்தான். வாட்ஸ்அப் உரையாடலுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின் சான்றிதழ் வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 3 லட்சம் கேட்டால் 9,000 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. சம்மன் சேராவிட்டால் பத்திரிகை விளம்பரம் மூலம் சேர்ப்பிக்க அனுமதி கேட்கலாம். புது முகவரி தெரிந்தும் பழைய முகவரிக்கே அனுப்பி ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்காதீர்கள்: தீர்ப்புப் பற்றித் தெரிந்த 30 நாளுக்குள் அவர் மனுப் போட்டு அதை ரத்து செய்துவிடலாம், உழைப்பெல்லாம் வீண்.

தலைமறைவானவர் விஷயத்தில் மிகக் கூரிய ஆயுதம் 38-வது கட்டளை 5-வது விதி, அதாவது தீர்ப்புக்கு முன்பே ஜப்தி. பலர் இதைக் கேட்பதே இல்லை. 'சொத்தை விற்றுவிடுவார்' என்ற வெறும் பயம் இதற்குப் போதாது, விற்கப் போகிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அதனால் வழக்குக்கு முன்பே பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடனுக்குப் பிறகு மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ தானப் பத்திரம் எழுதியிருந்தால் ஜப்தி கேட்க அது வலுவான ஆதாரம். கடன் கொடுத்தவர்களை ஏய்க்கச் செய்த அந்த மாற்றத்தையே சொத்து மாற்றச் சட்டத்தின் 53-வது பிரிவில் எதிர்க்கலாம். ஜப்தி உத்தரவு கிடைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போகும்படி செய்யுங்கள். வில்லங்கத்தில் ஏறிய இடத்தை வாங்க ஆள் வராது, காணாமல் போனவரே கூப்பிடுவார்.

நிலம் இல்லை, சம்பளம்தான் என்றாலும் சிவில் தீர்ப்பு வாங்கிய பிறகு வழி உண்டு. மாதம் 40,000 சம்பளத்தில் முதல் 1,000-ஐ விட்டு மீதியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13,000 வரை பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்கு 24 மாதம்தான் உச்சம். பி.எஃப். பணத்தைத் தொட முடியாது. தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவுக்கு 12 ஆண்டு அவகாசம் இருப்பதால், இன்று வேலையில்லாதவர் நாளை சம்பாதிக்கும்போதும் தீர்ப்பு உயிரோடு இருக்கும்.

காசோலையும் சொத்தும் இரண்டும் இருந்தால் 138-ஐயும் சிவில் வழக்கையும் சேர்த்தே நடத்துங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) கட்டணம் இல்லை, அங்கே வரும் தீர்வுக்கு மேல்முறையீடும் இல்லை. ஆனால் எதிராளி வந்து உட்கார வேண்டும், ஆகவே அவர் வெளியே வந்த பிறகுதான் அது உதவும். நிலுவையில் உள்ள சிவில் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும்.

வட்டிக்குக் கொடுத்தவர்கள் நோட்டீஸில் வட்டி விகிதத்தை எழுதும் முன் வக்கீலிடம் கேளுங்கள். 2003-ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் எதிர்ப்புகார் கொடுக்க, நீங்கள் கையெழுத்திட்ட அந்த நோட்டீஸே அவருக்குச் சாட்சியாகிவிடும்.