பைப்வயரில் பிளகின் சோதனை: கேட்காமலே மாறும் பஃபர்

"பிளகின் எழுத ஆரம்பித்திருக்கிறேன். லினக்ஸில் ஜாக்கையே வைத்துக்கொள்ளவா, பைப்வயருக்கு வந்துவிடவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிளகின் என்றால் ஒலி மென்பொருளுக்குள் ஏற்றி ஒலியை மாற்றும் சிறு நிரல்; ஜாக், பைப்வயர் இரண்டும் லினக்ஸில் நிரல்களுக்கும் ஒலிச் சாதனத்துக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் ஒலி சர்வர்கள். பாட்டு கேட்பவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. லினக்ஸ் வகைகளில் 2021-இல் வந்த ஃபெடோரா 34 முதலே பைப்வயர்தான் இயல்பாக வருகிறது, உபுண்டு 22.10-இல் மாறிவிட்டது, 2023 நவம்பரில் பைப்வயரின் 1.0 பதிப்பும் வந்தாயிற்று. பிளகின் எழுதுகிறவர் பாடு வேறு. ஒலி வந்தால் மட்டும் போதாது, அது எந்த நிலைமையில் வந்தது என்பதும் தெரிந்தாக வேண்டும். அங்கேதான் பைப்வயர் மேல் எனக்குத் தீராத எரிச்சல். காரணம், குவாண்டம்.

ஒலி துண்டு துண்டாக, சுற்றுச் சுற்றாகத்தான் போகும். ஒரு சுற்றுக்கு எத்தனை சாம்பிள் (ஒரு நேரப்புள்ளியில் எடுத்த ஒலி அளவு), அதாவது பஃபர் எவ்வளவு பெரிது என்பதைத்தான் பைப்வயர் குவாண்டம் என்கிறது. இயல்பு அளவு 1024. 48000 ஹெர்ட்ஸில் அது 21.3 மில்லி நொடி. கீழ் வரம்பு 32, மேல் வரம்பு 2048. ஜாக்கில் தொடங்கும்போது 256 என்று சொன்னால், நாமாக மாற்றும்வரை 256தான். பைப்வயரில் அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் யார் மிகக் குறைந்த தாமதம் கேட்கிறாரோ, அவர் சொன்ன அளவுக்கு எல்லாரும் இறங்க வேண்டும். அவர் போனதும் மறுபடி 1024. ஜாக்குக்காக எழுதிய நிரல் பைப்வயரில் ஓடத் தொடங்கியதும் அந்த அளவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதுவரை நல்லது. ஆனால் எந்த அளவைப் பிடித்தது? அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்களோ அதைப் பொறுத்தது. பின்னணியில் ஒரு குரல் அழைப்பு திறந்திருந்தால் ஓர் எண், மூடியிருந்தால் வேறோர் எண். ஒரே பிளகின், ஒரே கணினி, காலையில் எடுத்த அளவீடும் மாலையில் எடுத்ததும் ஒத்துப்போகாது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 512 சாம்பிள் சேர்ந்ததும் ஒருமுறை எஃப்எஃப்டி (ஒலியை அலைவெண்களாகப் பிரிக்கும் கனமான கணக்கு) போடும் கன்வல்யூஷன் ரிவெர்ப் (ஓர் அறையின் எதிரொலியைச் சேர்க்கும் பிளகின்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். குவாண்டம் 1024 என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அந்த வேலை நடக்கும். இரண்டும் சேர்ந்து 2.1 மில்லி நொடி எடுத்தால் சுமை 10 சதவீதம். பார்க்க அழகாக இருக்கும். அதே பிளகினை 64-இல் ஓட்டினால் ஒரு சுற்று 1.33 மில்லி நொடிதான். ஏழு சுற்று ஒரு வேலையும் இல்லாமல் போகும், எட்டாவது சுற்றில் மொத்த எஃப்எஃப்டியும் வந்து விழும். ஒன்றுக்கு ஏறக்குறைய 1.05 மில்லி நொடி, அதாவது அந்த ஒரு சுற்றில் மட்டும் 80 சதவீதம். சராசரி இப்போதும் அதே 10தான். பைப்வயரின் நிலவரத்தைக் காட்டும் பிடபிள்யூ-டாப் (pw-top) கட்டளையில் பி/க்யூ (B/Q, சுற்றின் நேரத்தில் வேலைக்குப் போன பங்கு) என்ற பத்தி சாதுவான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், மற்ற வேலைகளும் சேர்ந்து சுற்றின் நேரம் தாண்டும்போதெல்லாம் பக்கத்தில் இஆர்ஆர் (ERR, பிழை எண்ணிக்கை) பத்தி மட்டும் ஒவ்வொன்றாக ஏறும். பி/க்யூவை நம்பாதீர்கள், இஆர்ஆர் பத்தியையும் குவாண்டம் பத்தியையும் பாருங்கள். எந்தக் குவாண்டத்தில் எடுத்தது என்று எழுதாத அளவீடு வெறும் தாள்.

அளவைப் பூட்ட வழி இருக்கிறது. பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளையில் செட்டிங்ஸ் பகுதியைச் சுட்டி, கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் மதிப்பை 256 என்று கொடுத்தால் யார் என்ன கேட்டாலும் 256தான். 0 கொடுத்தால் பூட்டு விடுபடும். பைப்வயரை மறுதொடக்கம் செய்தால் இந்தப் பூட்டு போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. நிரந்தரமாக வேண்டுமென்றால் பயனர் கோப்புறையில் பைப்வயரின் அமைப்புகளுக்கான இடத்தில் ஒரு சிறு கோப்பு வைத்து, இயல்பு, கீழ் வரம்பு, மேல் வரம்பு மூன்றையும் ஒரே எண்ணாக்கிவிடலாம். விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியில்) சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே கீழ் வரம்பையே பைப்வயர் தானாக 1024-க்கு உயர்த்திவிடுகிறது. "64 கேட்டேன், இறங்க மாட்டேன் என்கிறது" என்று பிளகினைத் திட்டிப் பயனில்லை.

இவ்வளவு திட்டியபின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குவாண்டத்தைப் பூட்டும் இதே கட்டளைதான் கையில் கிடைத்த மிகச் சிறந்த சோதனைக் கருவி. பிளகின்களை ஏற்றி ஓட்டும் ஹோஸ்ட் மென்பொருள்களான ஆர்டோரிலோ கார்லாவிலோ பிளகினை ஏற்றி, நீளமான ஒரு ஸ்வரத்தை ஓடவிட்டு, ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டால் குவாண்டத்தை 64, 1024, 32, 2048 என்று இரண்டிரண்டு நொடிக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் பஃபர் அளவை மட்டும் நம்பி நினைவகம் ஒதுக்கிய பிளகின் அங்கேயே விழும். அளவு மாறியதும் நேரம் தவறக் கூடாத ஆடியோ த்ரெட்டிலேயே மாலாக் போடுகிற (புதிதாக நினைவகம் கேட்கிற) பிளகின் டிக் டிக்கென்று சொடுக்கும். பாராமீட்டரை சாம்பிளுக்கு ஒருமுறை மென்மையாக்காமல் பிளாக்குக்கு, அதாவது சுற்றுக்கு, ஒருமுறை மாற்றுகிற பிளகின் இன்னும் சுவாரசியம்: 64-இல் ஃபில்டர் குமிழைத் திருப்பினால் வழுவழுப்பாக இருக்கும், 2048-இல் படிக்கட்டில் ஏறுவது போல ஜிப்பர் சத்தம் கேட்கும். ஜாக்கிலும் ஓடும்போதே அளவை மாற்றலாம்தான், ஆனால் ஒருவரும் மாற்றிப் பார்ப்பதில்லை. பைப்வயர் கேட்காமலே மாற்றும் என்ற பயம் இருப்பதால்தான் இந்தச் சோதனையைச் செய்யத் தோன்றுகிறது.

ஆனால் இந்தக் குலுக்கலுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது, அதற்கு ஒலி சர்வரே தேவையில்லை. ஒரே ஒலிக்கோப்பை 1, 37, 64, 441, 1024 என்ற பிளாக் அளவுகளில் ஆஃப்லைனாக ரெண்டர் செய்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். மிச்சம் மைனஸ் 120 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். 37 எதற்கு என்றால், ஆர்டோர் ஆட்டோமேஷன் புள்ளிகளிலும் (குமிழ் தானாக மாறும் இடங்களிலும்) லூப் எல்லையிலும் சுற்றை வெட்டித் துண்டாகத்தான் பிளகினுக்குக் கொடுக்கும். இரண்டின் அடுக்குகள் மட்டுமே வரும் என்று எழுதிய கோட் அங்கே மாட்டிக்கொள்ளும். விஎஸ்டி3 என்ற பிளகின் வடிவத்தில் பாராமீட்டர் மட்டும் அனுப்ப 0 சாம்பிளோடுகூட அழைப்பு வரும். பிளகினைத் தானாகச் சோதிக்கும் பிளகின்வால் கருவியை 5-ஆம் கண்டிப்பு நிலைக்குக் கீழே ஓட்டுவதில் அர்த்தமில்லை. திரை இல்லாத சர்வரில் அதை எக்ஸ்விஎஃப்பி என்ற போலித் திரை மேல் ஓட்டலாம். கிளாங் கம்பைலரின் 20-ஆம் பதிப்பு முதல் வரும் ரியல்டைம் சானிடைசர் இருக்கிறதே, அது வரப்பிரசாதம். ஒலியைக் கையாளும் ப்ராசஸ் ஃபங்ஷனுக்கு நான்பிளாக்கிங் (எதற்கும் காத்து நிற்காது என்ற) அடையாளம் போட்டுவிட்டால், உள்ளே எங்கேயாவது மாலாக்கோ மியூடெக்ஸோ (பூட்டுக்காகக் காத்திருப்பதோ) நடந்த நொடியில் எந்த வரி என்று காட்டி நிறுத்திவிடும். பிறருடைய ஹோஸ்டுக்குள் ஏற்றி இதைச் செய்வது தலைவலி, சொந்தமாக ஒரு சிறு சோதனை நிரல் எழுதிக்கொள்வதே மேல்.

அளவீட்டைக் கெடுக்கும் இன்னொரு ஆசாமி சிபியு. பிளகின் இலகுவாக இருந்தால் லினக்ஸின் மையமான கர்னல் சிபியு வேகத்தைக் குறைத்துவிடும். குறைந்த வேகத்தில் அதே வேலைக்கு அதிக நேரம் பிடிக்கும், சுமை எண் ஏறும். பிளகினை மேம்படுத்தினோம், சதவீதம் கூடிவிட்டதே என்று திகைக்கும் பலருக்கு இதுதான் விடை. அளக்கும் நேரத்தில் சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிவிடுங்கள். நேரம் தவறாமல் வேலையை முடிக்க உதவும் ரியல்டைம் கர்னல் வேண்டுமா என்று உடனே கேட்பார்கள். 6.12 பதிப்பு முதல் அது மூலக் கர்னலிலேயே இருக்கிறது, ஆனால் 128 சாம்பிள் அளவுக்கு பெரும்பாலும் சாதாரணக் கர்னலே போதும். யுஎஸ்பி ஒலி இன்டர்ஃபேஸுக்கு புரொஃபைலை ப்ரோ ஆடியோவாக மாற்றுவதுதான் அதைவிடப் பெரிய வித்தியாசம் தரும்.

பைப்வயருக்காகச் சாதனங்களையும் இணைப்புகளையும் நிர்வகிக்கும் ஒயர்பிளம்பரைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் விரிவாகச் சொன்னால் மரியாதையாக இருக்காது. 5 நொடி சும்மா இருந்தால் சாதனத்தைத் தூங்கவைத்துவிடும். அடுத்த சோதனையின் முதல் ஒலி சில இன்டர்ஃபேஸ்களில் வெட்டுப்படும். சஸ்பெண்ட் டைம்அவுட்டை 0 ஆக்கினால் தீரும். அந்த ஒரு வரியை லுவா என்ற நிரல் மொழியில் எழுதி வைத்திருந்தவர்களுக்கு 2024-இல் 0.5 பதிப்பு வந்து, லுவா அமைப்புக் கோப்புகள் இனி செல்லாது, வேறு வடிவத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது.

நண்பருக்கு என் பதில்: பைப்வயருக்கு வாருங்கள். உலாவியில் ஓடும் ஒலியை ஒரு கோடு இழுத்துப் பிளகினுக்குள் விடும் சுகத்தை அனுபவித்தவர் திரும்பிப் போகமாட்டார். ஆனால் வெளியீட்டுக்கு முன் தாமதத்துக்கும் சுமைக்கும் எண் எழுதும் நாளில் பைப்வயரை நிறுத்திவிட்டு ஜாக்கின் ஜாக்2 வடிவத்தில்தான் அளக்கச் சொல்வேன், இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. நிறுத்தும்போது சேவையை மட்டும் நிறுத்தினால் சாக்கெட் (அழைப்பு வந்தால் சேவையைத் தொடங்கும் வாயில்) அதை மறுபடி எழுப்பிவிடும். பைப்வயர், அதன் துணைச் சேவையான பைப்வயர்-பல்ஸ் இரண்டின் சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்துங்கள். பிறகு ஜாக்கை 48000, 128, யுஎஸ்பி என்றால் 3 பீரியட் (பஃபர் துண்டு) என்று தொடங்கலாம். டெபியன் லினக்ஸில், ஜாக் நிரலைப் பைப்வயருக்குத் திருப்பும் பிடபிள்யூ-ஜாக் முன்னொட்டு இல்லாமல் ஹோஸ்டைத் திறந்தாலே அசல் ஜாக்கோடு பேசும். ஃபெடோராவில் ஜாக் லைப்ரரியின் இடத்தில் பைப்வயரின் லைப்ரரி உட்கார்ந்திருக்கும், அந்தப் பொதியை மாற்றாமல் ஜாக்கை எத்தனை முறை தொடங்கினாலும் ஹோஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது.