யார் எழுதும் கடிதம்?

பத்து வயதுப் பிள்ளைக்குப் புலம்பெயர்ந்த குடும்பத்தைப் பற்றி ஒரு ஆங்கில நாவல் வேண்டும் என்று கேட்டால், இரண்டு பெயர்களைச் சொல்வேன். கெல்லி யாங்கின் 'ஃப்ரன்ட் டெஸ்க்', ஒன்ஜாலி ரவூஃபின் 'தி பாய் அட் த பேக் ஆஃப் த க்ளாஸ்'. இரண்டும் 2018இல் வந்தவை. இரண்டிலும் அநியாயத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் கடிதம் எழுத உட்காருகிறார்கள். ஆனால் பேனா யார் கையில் இருக்கிறது என்பது வேறு.

'ஃப்ரன்ட் டெஸ்க்'கில் அது மியா டாங்கின் கையில். 1990களின் கலிபோர்னியா, அனஹைம் நகரம். சீனாவிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் ஒரு மோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து மாய, பத்து வயது மியா முன்மேசையில் நின்று சாவி கொடுக்கிறாள். மோட்டல் முதலாளி யாவ் என்பவரும் சீன வம்சாவளிதான். நம்ம ஆள், இரக்கம் காட்டுவார் என்று பார்த்தால், பேசிய கூலியையே மாற்றுகிறார். வீட்டுக்குள் வேறொரு அடி. ஆங்கிலத்தில் எழுத ஆசைப்படும் மகளிடம் அம்மா சொல்கிறாள்: மற்ற பிள்ளைகளெல்லாம் கார், நீ சைக்கிள், கணக்கைப் படி. அந்தச் சைக்கிளை மிதித்துக்கொண்டுதான் மியா கடிதம் எழுதுகிறாள். தப்பாக எழுதிய சொல்லை அடித்துவிட்டுச் சரியானதை எழுதியது வரை அப்படியே அச்சாகியிருக்கிறது. மோட்டலில் கார் ஒன்று களவு போய், அங்கே தங்கியிருக்கும் கறுப்பினத்தவரான ஹாங்க் மேல் போலீஸ் சந்தேகப்படும்போது, அவர் பக்கம் நிற்பவளும் இவள்தான். தோழி லூப்பேயிடம் தன் வீட்டைப் பற்றி அளந்துவிட்ட கதைகளும் உண்டு. வறுமையை மறைக்கப் பிள்ளைகள் என்னவெல்லாம் சொல்வார்கள் என்று தெரிந்தவர் எழுதியது. யாங் சின்ன வயதில் மோட்டல் வேலையில் பெற்றோருக்குத் துணையாக நின்றவர். முடிவு மட்டும் கொஞ்சம் சினிமாத்தனம்.

ரவூஃபின் கதையில் எழுதுவது நண்பர்கள். லண்டன் பள்ளி ஒன்றின் கடைசி வரிசையில் வந்து உட்காரும் அகமது, சிரியாவிலிருந்து தப்பி வந்த ஒன்பது வயதுப் பையன். அவனுக்காக ஒரு மாதுளம்பழம் தேடி அலையும் பகுதி அருமை. அப்புறம் அவனுடைய பெற்றோரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ராணிக்குக் கடிதம், பக்கிங்ஹாம் அரண்மனைக்கே படையெடுப்பு என்று கதை ஓட்டமாக ஓடுகிறது. சிரிக்கவும் வைக்கிறது. அகமது தன் கதையைச் சொல்லும் இடம் இருக்கிறது. ஆனாலும் திட்டம் போடுவது, ஓடுவது, மாட்டிக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள். புதிதாக வந்த பையனோடு எப்படிப் பழகுவது என்று திகைக்கும் பிள்ளைக்கு இதைத்தான் கொடுப்பேன். அந்தப் புதுப் பையனுக்கே ஒன்று வேண்டும் என்றால் மியாவின் கதை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும் அதுதான்.

பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டால் பாம் முன்யோஸ் ரயனின் 'எஸ்பெரான்சா ரைசிங்' (2000). 1930களில் கலிபோர்னியத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் மெக்சிகோக்காரர்களின் கதை. இங்கே கடிதம் எழுதி எதுவும் தீர்வதில்லை. மார்ட்டா என்ற பெண் வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டுகிறாள், கதாநாயகி எஸ்பெரான்சா சேரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், கூலி வேண்டும். ஒருநாள் குடியேற்ற அதிகாரிகள் போராட்டக்காரர்களைப் பிடித்துப் போக வருகிறார்கள். கொட்டகைக்குள் ஒளிந்திருக்கும் மார்ட்டாவைப் பார்த்துவிடும் எஸ்பெரான்சா, அங்கே வேலை செய்பவள்போலத் தெரியட்டும் என்று ஒரு ஏப்ரனை எடுத்து அவளிடம் நீட்டுகிறாள்.